‘அது கான்ட்ராக்டர் விஷயம் சார்!’ – ஒரு கம்பெனியின் நேர்மையை எங்கே பார்ப்பது?



போன வாரம் வீடியோவுல பிஎஃப் பாஸ்புக் பார்ப்பது எப்படின்னு சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் மனசுலேயே நின்னுடுச்சு. “சார், நான் ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு பெரிய கம்பெனிக்குள்ள வேலை பார்க்கிறேன். ஆனா சம்பளம் கான்ட்ராக்டர் தர்றார். பிஎஃப் வரலைன்னா யாரைக் கேட்கணும்?”

கேள்வி சின்னதுதான். ஆனா கம்பெனிகளின் தார்மீகப் பொறுப்பு பற்றி பெரிய புத்தகங்கள் பேசுற எல்லாமே இதுக்குள்ள இருக்கு. அதனால இந்த முறை கொஞ்சம் விரிவா எழுதுறேன். என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குறேன்.

44 பேர்

2013. எனக்கு ஆர்ட்டிகிள்ஷிப் கடைசி வருஷம். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு ஆடிட் போயிருந்தோம். எனக்குக் கொடுத்த வேலை, லேபர் கான்ட்ராக்டர் பில்களைச் சரிபார்ப்பது. ஒரு மாசத்து பில்லில் 140 பேர் என்று இருந்தது. கேட் ரிஜிஸ்டரிலும் 140. பில்லோடு இணைத்திருந்த பிஎஃப் செலானில் 96 பேர்தான்.

ஏதோ தவறிப்போச்சுன்னு நினைச்சு முந்தைய மாசத்தை எடுத்தேன். அங்கேயும் அதே கதை.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒருத்தருக்கு அடிப்படைச் சம்பளம் ₹6,000. தொழிலாளி பங்கு 12%, நிறுவனப் பங்கு 12%. அதாவது ₹720 + ₹720 = ₹1,440. விடுபட்ட 44 பேருக்கு மாசம் ₹63,360. வருஷத்துக்கு ₹7,60,320. கம்பெனி தன் பங்கை 140 பேருக்கும் கணக்கு போட்டு கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருக்கு. தொழிலாளி சம்பளத்திலும் பிடித்தம் நடந்திருக்கு. பணம் பிஎஃப் ஆபீஸுக்குத்தான் போய்ச் சேரலை.

ஹெச்.ஆர். அதிகாரியிடம் போய்க் கேட்டேன். நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். “அது கான்ட்ராக்டர் விஷயம் தம்பி. நாம பில்லுக்குப் பணம் கொடுத்தாச்சு” என்றார். சீனியரிடம் சொன்னேன். நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் அது ஒரு வரியாகப் போனது. ‘கவனிக்கப்படும்’ என்று பதில் வந்தது. அதோடு முடிஞ்சது.

ஆனா எனக்கு முடியலை. காரணம், அன்னைக்கு மதியம் கேன்டீன்ல ஒரு பையன் என் பக்கத்துல வந்து, “சார், நீங்க ஆடிட்டருங்களா? எங்க பிஎஃப் நம்பர் எப்ப வரும்?”னு கேட்டான். அவன் அந்த 44 பேர்ல ஒருத்தனான்னு அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வழி இருந்தது, லிஸ்ட் என் பையிலேயே இருந்தது. நான் சொன்னது, “ஹெச்.ஆர்.ல கேளுங்க தம்பி.”

ஹெச்.ஆர். கான்ட்ராக்டரைக் காட்டினார். நான் ஹெச்.ஆரைக் காட்டினேன். பொறுப்பு இப்படித்தான் கை மாறிக் கை மாறி, கடைசியில் யார் கையிலும் இல்லாமப் போகுது.

2021 டிசம்பர்: ஒரு சமையல்கட்டு, ஒரு நெடுஞ்சாலை

இதே கதை பெரிய அளவில் நடந்ததை நம்ம ஊரே பார்த்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை. அப்போது சுமார் 17,000 பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அவர்கள் தங்கியது கான்ட்ராக்டர்கள் ஏற்பாடு செய்திருந்த விடுதிகளில்.

2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பாடு விஷமானது. 250-க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மருத்துவமனைக்குப் போன தோழிகளுக்கு என்ன ஆச்சு என்று தெளிவான பதில் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. யாரும் இறக்கவில்லை என்று அரசு சொன்னது. ஆனால் அதற்குள் 17-ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பெண்களிடம் பேசி எழுதியது: ஒரே அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை, தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறைகள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்த விடுதியின் சமையல்கட்டில் எலிகளையும் மோசமான வடிகாலையும் பார்த்து அதை மூடினார்கள். மாசம் சுமார் ₹10,500 சம்பளம் வாங்கிய பெண்கள், இந்தத் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கான்ட்ராக்டருக்குப் பணமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆலை டிசம்பர் 18-ல் மூடப்பட்டது. ஆப்பிள் தனியாக ஆடிட்டர்களை அனுப்பியது. சில தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. ஃபாக்ஸ்கான் மன்னிப்பு கேட்டது, உள்ளூர் நிர்வாகத்தை மாற்றி அமைப்பதாகவும், வேலை நடக்காத நாட்களுக்கும் சம்பளம் தருவதாகவும் சொன்னது. 2022 ஜனவரி 12-ல்தான் ஆலை மெல்ல மெல்லத் திரும்ப இயங்கத் தொடங்கியது.

இப்போ ஒரு சி.ஏ.வா யோசிச்சுப் பாருங்க. ஆலைக்குள் ஒரு திருகு ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் கண்டுபிடிக்கிற முறை அந்த மாதிரி கம்பெனிகளிடம் இருக்கும். அதே கம்பெனிக்கு உழைக்கிற பெண் ராத்திரி எங்கே படுக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்பதைப் பார்க்க முறை இல்லை. காரணம், விடுதி ஆலையின் கேட்டுக்கு வெளியே இருந்தது. ‘அது கான்ட்ராக்டர் விஷயம்.’

இது முதல் தடவையும் இல்லை. சரியாக ஒரு வருஷம் முன்னால், 2020 டிசம்பர் 12, கர்நாடகாவில் கோலார் மாவட்டம் நரசாபுராவில் விஸ்ட்ரான் ஆலை. சம்பளம் சரியாக வரவில்லை என்ற கோபத்தில் தொழிலாளர்கள் ஆலையை அடித்து நொறுக்கினார்கள். பிரச்சினை அங்கேயும் ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் வழியாக வந்த தொழிலாளர்களின் சம்பளத்தில்தான். வன்முறையை நான் நியாயப்படுத்தலை. ஆனா விஸ்ட்ரானே சிலருக்குச் சம்பளம் சரியாகப் போகவில்லை என்று ஒப்புக்கொண்டு தன் உயர் அதிகாரி ஒருவரை நீக்கியது.

சட்டம் என்ன சொல்லுது?

“கம்பெனின்னா லாபத்துக்குத்தானே சார்? தர்மம் பண்றதுக்கா?” என்று கேட்பவர்கள் உண்டு. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-ல் இந்தக் கட்சியைத்தான் பேசினார்: லாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று. ஆனா அவரே கூட ஒரு நிபந்தனை வைத்தார். சமூகத்தின் சட்டத்துக்கும் நெறிக்கும் உட்பட்டு நடக்கணும் என்று. அந்தப் பாதியை மேற்கோள் காட்டுறவங்க வசதியா மறந்துடுறாங்க.

நம்ம சட்டம் இதில் தெளிவாகவே இருக்கு. மூணே விஷயம் சொல்றேன்.

ஒன்று, கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 166. இயக்குநர் ஒருவர் பங்குதாரர்களின் நலனோடு ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் நலனையும் மனதில் வைத்துச் செயல்படணும் என்று சொல்லுது.

இரண்டு, 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ, வேலை வாங்கிய முதன்மை நிறுவனம்தான் கொடுக்கணும். பிறகு அதைக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பிஎஃப், ஈஎஸ்ஐ இரண்டிலும் இதே கதைதான், முதல் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் சம்பளத்துக்கான இந்தப் பொறுப்பு தொடருது. ஆக, 2013-ல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் சொன்னது தவறு. அன்னைக்கே தவறு. எனக்கு அது தெரிஞ்சும் நான் வாதாடலை.

மூன்று, சி.எஸ்.ஆர். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கிற கம்பெனிகள், முந்தைய மூன்று வருஷ சராசரி நிகர லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிடணும். பள்ளிக்குக் கட்டடம், ஏரி தூர்வாருதல், மருத்துவ முகாம், எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனா இதே விதிகளில், தன் சொந்த ஊழியர்களுக்குச் செய்வதை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. ஏன்னு யோசிங்க. உழைக்கிறவனுக்குச் செய்யறது தர்மம் இல்லை, கடன். அது தொழில் நடத்துற செலவு. அதனால ஒரு கம்பெனியின் நேர்மையைப் பார்க்க அதன் சி.எஸ்.ஆர். பக்கத்துக்குப் போகாதீங்க. கான்ட்ராக்டர் பில்லைப் பாருங்க.

குறைந்த கொட்டேஷனில் ஒளிந்திருக்கும் பாவம்

தப்பு எங்கே தொடங்குதுன்னு பலரும் கவனிக்கிறதில்லை. கெட்ட மனசுல தொடங்குறது குறைவு. பெரும்பாலும் ஒரு கொட்டேஷன்லதான் தொடங்குது.

ஒரு தொழிலாளிக்கு மாசம் ₹14,000 சம்பளம்னு வைங்க. நிறுவனத்தின் பிஎஃப் பங்கு, நிர்வாகக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 13%, அதாவது ₹1,820. ஈஎஸ்ஐ 3.25%, அதாவது ₹455. குறைந்தபட்ச போனஸ் 8.33%-ஐ முழுச் சம்பளத்துக்கும் கணக்கிட்டால் சுமார் ₹1,166. மொத்தம் ₹17,441. இதுல சீருடை, லீவு சம்பளம், கான்ட்ராக்டரின் லாபம் எதுவும் இன்னும் சேரலை.

இப்போ மூணு கான்ட்ராக்டர் கொட்டேஷன் கொடுக்கிறாங்க: ஒருத்தர் ₹19,000, ஒருத்தர் ₹18,500, ஒருத்தர் ₹16,000. பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் எதை எடுக்கும்? ‘எல் ஒன்’, அதாவது மிகக் குறைந்த விலை. மேலதிகாரி தட்டிக்கொடுப்பார், மிச்சம் பிடிச்சதாக மெயில் வரும். ஆனா ₹16,000-ல் அந்தச் செலவு அடங்காது என்பது அஞ்சாம் வகுப்புக் கணக்கு. மீதியை யாரோ ஒருத்தர் கொடுக்கணும். அந்த யாரோ ஒருத்தர், பிஎஃப் நம்பர் எப்ப வரும்னு கேட்ட பையன்.

“விலையைக் குறைக்கலைன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும்” என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை இருக்கு. வாங்குகிற பெரிய பிராண்ட் விலையை நெருக்கும், ஆலை கான்ட்ராக்டரை நெருக்கும், கான்ட்ராக்டருக்கு நெருக்க ஆள் ஒருத்தர்தான் மிச்சம். அதனால்தான் பொறுப்பும் மேலிருந்தே வரணும். ஃபாக்ஸ்கான் விஷயத்தில் அது வந்தது, ஆனால் பெண்கள் ரோட்டுக்கு வந்த பிறகு. 2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் விடுதி திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம், செலவு ₹706.50 கோடி. நல்ல விஷயம். கூடவே இதையும் நினைச்சுப் பாருங்க: இவ்வளவு பெரிய தேவை முதல் நாளே இருந்தது. அதுவரை அந்தச் செலவை அந்தப் பெண்கள்தான் தங்கள் உடம்பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, நாம என்ன செய்யலாம்?

சம்பளம் வாங்குபவராக: மாசம் ஒரு தடவை, 20-ஆம் தேதிக்கு மேல் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. முந்தைய மாசத்துப் பணம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்கணும். பதிவேறச் சில நாள் ஆகலாம். மூணு விஷயம் பாருங்க: பணம் வந்திருக்கா, இரண்டு பங்கும் வந்திருக்கா, பேஸ்லிப்பில் இருக்கிற தொகையோடு ஒத்துப்போகுதா. வரலைன்னா வாயால் கேட்காதீங்க, மெயிலில் கேளுங்க. பதில் இல்லைன்னா பிஎஃப் அலுவலகத்தின் ஆன்லைன் குறைதீர் தளத்தில் புகார் பதிவு செய்யலாம். பேஸ்லிப்புகளைச் சொந்த மெயிலுக்கும் அனுப்பி வைங்க, வேலையை விட்டால் ஆபீஸ் மெயில் திறக்காது. இது சேமிப்பு மட்டும் இல்லை. பிஎஃப்போடு சேர்ந்தே பென்ஷனும், அதிகபட்சம் ₹7 லட்சம் வரை ஆயுள் காப்பீடும் வருது. பணம் கட்டாமல் விட்டால் ஒரு குடும்பமே அந்தப் பாதுகாப்புக்காக அலைய வேண்டிவரும்.

பிடித்த பணத்தைக் கம்பெனி தாமதமாகக் கட்டுறது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு வரி வழக்கில் இதைப் பேசியது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் கம்பெனியின் பணமே கிடையாது, கம்பெனி கையில் இருக்கிற அடுத்தவர் பணம், உரிய தேதிக்குள் கட்டாவிட்டால் அதற்கு வரிக் கழிவு கிடையாது என்று தீர்ப்பு சொன்னது.

கையெழுத்துப் போடுபவராக: நம்ம வாசகர்கள்ல ஹெச்.ஆர்., பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ்ல இருக்கிறவங்க நிறைய பேர். கான்ட்ராக்டர் பில் வந்தால் மூணு எண்களை மட்டும் ஒப்பிடுங்க: கேட்டில் நுழைந்தவர்கள், வங்கியில் சம்பளம் போனவர்கள், பிஎஃப் செலானில் இருப்பவர்கள். மூணும் ஒண்ணா இல்லைன்னா பில்லை நிறுத்தி வைங்க. ‘மூன்று எண்ணிக்கையும் பொருந்தவில்லை, விளக்கம் தேவை’ன்னு மெயில்ல ஒரே வரி எழுதினால் போதும். யாரையும் குற்றம் சாட்டலை, கணக்கு கேட்கிறீங்க, அவ்வளவுதான். கொட்டேஷன் வரும்போதும் மேலே போட்ட கணக்கைப் போட்டு, சட்டப்படியான செலவே அடங்காத விலையைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க. பின்னாடி பிஎஃப் ஆபீஸ் நோட்டீஸ் வந்தால் கட்டப்போறது கம்பெனிதான்னு சொன்னால் மேலதிகாரிக்கும் புரியும்.

முதலீட்டாளராக: “நான் எங்கே சார் கம்பெனி முதலாளி?” என்காதீங்க. உங்க எஸ்ஐபி நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போகுதுன்னா, ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை நடத்துற ஐஷர் மோட்டார்ஸில் உங்களுக்கும் ஒரு துளி பங்கு இருக்கு. தினமும் கம்பெனி பஸ்ஸில் கடந்து போகிற மதில் சுவருக்குப் பின்னால் நீங்களும் ஒரு முதலாளி!

நேரடியாகப் பங்கு வாங்குறவங்க இரண்டு இடம் பாருங்க. ஒன்று, ஆண்டறிக்கையில் ‘பிஆர்எஸ்ஆர்’ என்ற பொறுப்பு அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022–23 முதல் செபி இதைக் கட்டாயமாக்கியது. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரம் அல்லாதவர் எத்தனை, விபத்துகள் எத்தனை, புகார்கள் எத்தனை என்று எல்லாம் எண்களில் இருக்கும். நிரந்தரம் அல்லாதவர் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறிக்கிட்டே இருந்தால் ஏன்னு கேளுங்க. இரண்டு, ஆடிட்டர் அறிக்கையின் இணைப்பு. பிஎஃப், ஈஎஸ்ஐ போன்ற சட்டப்படியான பாக்கிகளை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று ஆடிட்டர் அங்கே எழுதியாகணும். ‘சில தாமதங்கள் தவிர’ என்று ஒரு வாசகம் வந்தால் அங்கே நின்னு படிங்க. தொழிலாளி பணத்தையே நேரத்துக்குக் கட்டாத கம்பெனி உங்க பணத்தை எப்படிப் பார்க்கும்?

கடைசியா அந்தக் கேள்விக்கு வருவோம்

“பிஎஃப் வரலைன்னா யாரைக் கேட்கணும்?” தம்பி, முதல்ல கான்ட்ராக்டரைக் கேளுங்க. பதில் வரலைன்னா, எந்தக் கம்பெனியின் கேட்டுக்குள்ள தினமும் போறீங்களோ அந்தக் கம்பெனியைக் கேளுங்க. எழுத்தில் கேளுங்க. அவங்க பதில் சொல்லக் கடமைப்பட்டவங்க. ‘அது கான்ட்ராக்டர் விஷயம்’ என்று சொன்னால், சட்டம் அப்படிச் சொல்லலைன்னு இந்தக் கட்டுரையைக் காட்டுங்க. தனியா கேட்கத் தயக்கமா இருந்தால் பக்கத்தில் வேலை செய்கிற நாலு பேரைச் சேர்த்துக்கிட்டுக் கேளுங்க. உங்க பாஸ்புக்கில் இல்லைன்னா அவங்களோடதிலும் இல்லாம இருக்க வாய்ப்பு அதிகம்.

2013-ல் கேன்டீனில் என்னிடம் கேட்ட பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அவன் பேர்கூட நான் கேட்டுக்கலை. இப்போ அவனுக்கும் முப்பது வயசு தாண்டியிருக்கும். அந்த வருஷத்துப் பணம் அவன் கணக்கில் வந்ததா, எனக்குத் தெரியாது.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் உங்க பாஸ்புக்கை ஒரு தடவை திறந்து பாருங்க. உங்க ஆபீஸ்ல ஹவுஸ் கீப்பிங் பண்ற அக்காவுக்கும், கேட்டில் நிக்கிற செக்யூரிட்டி அண்ணனுக்கும் அவங்க போனில் திறந்து காட்டுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்த வாரம் வீடியோவில் பிஆர்எஸ்ஆர் அறிக்கை ஒன்றைத் திரையில் வைத்து, எந்தப் பக்கத்தில் என்ன பார்க்கணும்னு வரி வரியாகப் பார்ப்போம். சந்திப்போம்!